சின்ன ஸ்கூட்டரும் வீட்டு டியூனிங்கும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பெரும்பாலும் சின்ன ஸ்கூட்டரை வீட்லயே பிரிச்சு மாத்துறதப் பத்தி தான் இருந்துச்சு, அதனால வேற விஷயம் எதையும் கலக்காம இத மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி கேட்டிருந்தவங்க கேள்விகள ஒண்ணா சேர்த்திருக்கேன்.

கேள்வி: சார், என்கிட்ட ஒரு பழைய 50 சிசி டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இருக்கு. 45க்கு மேல நகர மாட்டேங்குது. 70 போகணும். எந்த பார்ட்ட முதல்ல மாத்தணும்?

முதல்ல எதையும் மாத்தாதீங்க தம்பி. வண்டி ஏன் 45ல நிக்குதுன்னு தெரியாம பார்ட் வாங்கினா காசு போகும், வேகம் வராது. காரணம் ரெண்டு வகைல இருக்கலாம். ஒண்ணு, கம்பெனியே கட்டி வச்சிருப்பாங்க. ஐரோப்பாவுல 50 சிசி மொபெட் வகைக்கு 45 கிலோமீட்டர் தான் உச்ச வேகம்னு விதி இருக்கு, அந்த மாதிரி விதிக்காக செஞ்ச வண்டில வேரியேட்டர் (பெல்ட் ஓடுற முன் புல்லி, கியர் வேலய அது தான் பாக்குது) புஷ் மேல ஒரு வாஷர், சைலன்சர் கழுத்துல ஒரு சின்ன ஓட்டை வளையம், பிளக்குக்கு பொறி அனுப்புற சிடிஐ பெட்டிக்குள்ள ஒரு ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இஞ்சின் சுத்துற எண்ணிக்கை) கட், இந்த மூணுல ஏதாவது ஒண்ணோ ரெண்டோ இருக்கும். இன்னொண்ணு, தேய்மானம். பழைய வண்டின்னு நீங்களே சொல்றதால எனக்கு இது மேல தான் சந்தேகம் அதிகம்.

வண்டிய மெயின் ஸ்டாண்டு போட்டு ரெண்டு சக்கரத்தையும் கையால சுத்திப் பாருங்க, பிரேக் ஷூ ஒட்டிக்கிட்டே இருந்தா சுத்தும்போதே தெரியும். டயர் காத்து பாருங்க. கவரத் தொறந்து பெல்ட் அகலத்த வெர்னியர் வச்சு அளந்து மேனுவல்ல போட்டிருக்கிற குறைஞ்சபட்ச அளவோட ஒப்பிடுங்க, பெல்ட் ஒரு மில்லிமீட்டர் தேஞ்சாலே அது வேரியேட்டர் உச்சி வரைக்கும் ஏறாது, அப்படின்னா உங்களுக்கு டாப் கியரே இல்லன்னு அர்த்தம். வேரியேட்டருக்குள்ள இருக்கிற சின்ன எடை உருளை, அதாவது ரோலர், ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருக்கான்னு பாருங்க. டூ ஸ்ட்ரோக் வண்டில சைலன்சருக்குள்ளயும் சிலிண்டரோட எக்ஸாஸ்ட் ஓட்டைலயும் கரி அடைச்சிருக்கும், அத சுரண்டி எடுத்தாலே நிறைய வண்டி பழைய உயிருக்கு வந்துடும். கம்ப்ரஷன் கேஜ் கிடைச்சா ஒரு அளவு எடுத்து எழுதி வைங்க.

70 விஷயத்துக்கு வரேன். காத்து தடைய தள்ளத் தேவையான சக்தி வேகத்தோட மூணாவது அடுக்குல ஏறும். 45ல இருந்து 70க்கு போகணும்னா காத்துக்கு மட்டுமே கிட்டத்தட்ட 3.8 மடங்கு சக்தி வேணும். இருக்கிற இஞ்சின்ல ஒரு ஃபில்டரும் ஒரு ஜெட்டும் (கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை உள்ள பார்ட்) மாத்தி அது வராது. 45 கட்டு போட்ட வண்டிய ஒழுங்கா சர்வீஸ் பண்ணி கட்ட எடுத்தா 55, 60 வரும், அது நேர்மையான எதிர்பார்ப்பு. அதுக்கும் மேலன்னா சிலிண்டர், கார்புரேட்டர், சைலன்சர், வேரியேட்டர், பிரேக் எல்லாம் சேர்த்து தான் யோசிக்கணும், ஏன்னா சின்ன ஸ்கூட்டர்ல ஒரு பார்ட்ட மாத்தினா பக்கத்துல இருக்கிற மூணு பார்ட்டோட கணக்கு தப்பிடும். கீழ வர்ற பதில்கள்ல பாதி அந்த ஒத்துப்போற விஷயம் தான்.

கேள்வி: அண்ணே, 6 கிராம் ரோலர எடுத்துட்டு 4 கிராம் போட்டேன், பிக்கப் வரும்னு சொன்னாங்க. இப்ப இஞ்சின் பயங்கரமா கத்துது, வண்டி முன்ன விட மெதுவா போகுது. ரோலர் டூப்ளிகேட்டா?

ரோலர் மேல தப்பு இல்ல தம்பி, ரொம்ப தூரம் தாண்டிட்டீங்க. வேரியேட்டர் என்ன பண்ணுதுன்னு ஒரு தடவ மனசுல படம் ஆயிட்டா அப்புறம் யாரையும் கேக்க வேண்டாம், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முன்னாடி ஒரு புல்லி, பின்னாடி ஒரு புல்லி, நடுவுல பெல்ட். ரெண்டு புல்லியும் விரியும் சுருங்கும். ஹாலந்துல டாஃப் கம்பெனி 1958ல கார்ல கொண்டு வந்த அதே யோசனை தான் இன்னிக்கு நம்ம ஸ்கூட்டர்ல இருக்கு. இஞ்சின் சுத்தச் சுத்த ரோலர் வெளிப்பக்கமா ஓடப் பாக்கும், ஓடும்போது முன் புல்லிய நெருக்கும், பெல்ட் வெளி விளிம்புக்கு ஏறும், அது தான் கியர் ஏறுறது. பின்னாடி இருக்கிற பெரிய ஸ்பிரிங்கு, கான்ட்ரா ஸ்பிரிங்குன்னு சொல்வாங்க, அத எதிர்த்து பெல்ட்ட இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கும். இந்த ரெண்டுக்கும் நடக்கிற இழுபறில எந்த ஆர்பிஎம்ல இஞ்சின் நிக்குதோ அது தான் உங்க வண்டியோட குணம்.

ரோலரோட தள்ளு விசை எடையோடயும், சுத்துற வேகத்தோட வர்க்கத்தோடயும் கூடும். எடைய குறைச்சா அதே விசை வர இஞ்சின் இன்னும் வேகமா சுத்தணும். 6ல இருந்து 5 கிராம் போனா ஆர்பிஎம் ஏறக்குறைய 10 சதவீதம் ஏறும். 6ல இருந்து 4 போனா 22 சதவீதம். உங்க வண்டி முன்ன 6500ல நின்னுச்சுன்னு வச்சுக்குங்க, இப்ப 8000 கிட்ட நிக்கும். ஸ்டாக் இஞ்சினுக்கு, அதாவது கம்பெனில வந்தபடியே இருக்கிற இஞ்சினுக்கு, அங்க சக்தியே கிடையாது, உச்சிய தாண்டி இறங்கிப் போயிருக்கும், அதனால தான் சத்தம் மட்டும் வருது. டாப் ஸ்பீடு குறையுறதுக்கு காரணமும் இதுவே, பெல்ட்ட உச்சி வரைக்கும் தள்ள அந்த ரோலருக்கு பலம் பத்தல.

அப்ப என்ன பண்ணணும்? உங்க இஞ்சின் எந்த ஆர்பிஎம்ல அதிகமா இழுக்குதுன்னு கண்டுபிடிச்சு, ஃபுல் ஆக்சிலேட்டர்ல கிளம்பும்போது முள்ளு அந்த இடத்துலயே நிக்கிற மாதிரி ரோலர் எடைய தேடணும். பிளக் ஒயர்ல சுத்துற சின்ன டேக்கோமீட்டர் கிடைக்கும், அது ஒண்ணு வாங்கிக்குங்க, காதால ஆர்பிஎம் சொல்ல முடியாது. அரை கிராம் அரை கிராமா மாத்துங்க. ஆறு ரோலர் இருக்கிற வேரியேட்டர்ல 5 கிராம் மூணு, 6 கிராம் மூணு எடுத்து ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்தி மாத்தி போட்டா சராசரி 5.5 கிராம் கணக்கு வரும், அடுத்தடுத்து ஒரே எடைய வச்சுடாதீங்க, சமநிலை போயிடும்.

பெல்ட் உச்சி வரைக்கும் ஏறுதான்னு தெரிய ஒரு எளிய வழி இருக்கு. முன் புல்லியோட முகத்துல நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டு, மூடி, ஃபுல் ஸ்பீடுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து தொறந்து பாருங்க. பெல்ட் தேச்ச இடம் வரைக்கும் கோடு அழிஞ்சிருக்கும். விளிம்புக்கு முன்னாடியே நின்னிருந்தா இன்னும் வேகம் மிச்சம் இருக்கு, ரோலர் லைட்டா இருக்கு இல்லன்னா ஸ்பிரிங் ரொம்ப கெட்டியா இருக்கு.

கெட்டி கான்ட்ரா ஸ்பிரிங் போட்டா தான் ரேஸ் வண்டின்னு நினைக்காதீங்க. ஸ்டாக் இஞ்சினுக்கு கம்பெனி ஸ்பிரிங்கே போதும், பெல்ட் வழுக்கினா மட்டும் ஒரு படி மேல போங்க. தேவையில்லாம கெட்டியா போட்டா பெல்ட் சூடாகி சீக்கிரம் போகும்.

கேள்வி: வேரியேட்டர் நட்ட டார்க் ரெஞ்ச் வச்சு தான் டைட் பண்றேன், ஆனாலும் கொஞ்ச நாள்ல லூஸ் ஆயிடுது. லாக்டைட் போடலாமா?

லாக்டைட்டுங்கிற நட்டுப் பசைக்கு முன்னாடி இத பாருங்க, பெல்ட் நடுவுல மாட்டிக்குது. பெல்ட்ட மாட்டும்போது பின் புல்லிய கையால விரிச்சு பெல்ட்ட அதுக்குள்ள ஆழமா இறக்கி விடணும், அப்ப தான் முன்பக்கம் பெல்ட் தொளதொளன்னு இருக்கும். அப்படி பண்ணலன்னா முன் புல்லியோட ரெண்டு தகட்டுக்கு நடுவுல பெல்ட் மாட்டிக்கும், நீங்க நட்ட இறுக்கும்போது ரெஞ்ச் கிளிக்குன்னு சொல்லும், ஆனா இறுக்கினது புஷ் மேல இல்ல, பெல்ட் மேல. ஸ்டார்ட் பண்ணி பெல்ட் நகர்ந்த உடனே நட்டுக்கு பின்னாடி இடைவெளி வந்துடும். அப்படியே ஓட்டினா கிராங்க் ஷாஃப்ட்டோட பல்லு தேஞ்சு போகும், அதுக்கப்புறம் கிராங்க்கையே மாத்தணும். நட்டு இறுக்கின பிறகு பெல்ட்ட விரலால ஆட்டிப் பாருங்க, ஃப்ரீயா ஆடணும், பின்னாடி சக்கரத்த சுத்தினா பெல்ட் தானா மேல வந்துக்கும்.

இன்னொரு விஷயம், வேரியேட்டர ஷாஃப்ட்ல ஏத்தும்போது பின் தகட்டையும் சேர்த்து ஒண்ணா புடிச்சுக்குங்க. தகடு கொஞ்சம் விலகினா ஒரு ரோலர் தன் இடத்த விட்டு வெளிய வந்துடும், வெளிய இருந்து பாத்தா தெரியாது. நட்ட கழட்ட ஃபேன் இறக்கைல திருப்புளிய செருகாதீங்க, இறக்கை உடையும். புல்லி ஹோல்டர் வாங்கினா வாழ்நாள் பூரா வரும்.

கேள்வி: சார், பெரிய ஏர் ஃபில்டரும் ரேஸ் சைலன்சரும் போட்டேன். ஐடிலிங் நல்லா இருக்கு, பாதி ஆக்சிலேட்டர்ல முக்குது, ஃபுல்லா திருகினா சுத்தமா நிக்குது. சோக் போட்டா கொஞ்சம் நல்லா போகுது. கார்புரேட்டரே மாத்தணுமா?

கார்புரேட்டர் நல்லா தான் இருக்கு. சோக் போட்டா நல்லா போகுதுன்னு நீங்க எழுதினதே பதில் தான், பெட்ரோல் பத்தல. காத்து உள்ள வர்ற வழியையும் வெளிய போற வழியையும் பெருசாக்கிட்டீங்க, பெட்ரோல் ஓட்டை மட்டும் பழைய சைஸ்லயே இருக்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிராம் காத்து வேணும், ஃபுல் ஆக்சிலேட்டர்ல நல்லா இழுக்க 13க்கு கிட்ட இருக்கிற மாதிரி கொஞ்சம் பெட்ரோல் தூக்கலா வேணும். உங்க வண்டில இப்ப காத்து தூக்கல், அதத் தான் லீன்னு சொல்றாங்க. எத்தனால் கலந்த பெட்ரோல்னா இன்னும் லீன் ஆகும், ஏன்னா எத்தனாலுக்கு 9 கிராம் காத்தே போதும்.

இது விளையாட்டு விஷயம் இல்ல தம்பி, டூ ஸ்ட்ரோக்கா இருந்தா இப்பவே ஃபுல் ஆக்சிலேட்டர் ஓட்டுறத நிறுத்துங்க. பெட்ரோலோட தான் ஆயிலும் வருது, பெட்ரோல் கொறஞ்சா சூடும் ஏறும் ஆயிலும் கொறையும், பிஸ்டன் சீஸ் ஆகி பின் சக்கரம் அப்படியே லாக் ஆகும்.

கார்புரேட்டர்ல எது எந்த இடத்துல வேல செய்யுதுன்னு தெரிஞ்சா தேடுறது சுலபம். ஐடிலிங்ல இருந்து எட்டுல ஒரு பங்கு ஆக்சிலேட்டர் வரைக்கும் பைலட் ஜெட்டும் பக்கத்து ஸ்க்ரூவும். அங்க இருந்து கால் பங்கு வரைக்கும் ஸ்லைடோட வெட்டு. காலுல இருந்து முக்கால் வரைக்கும் நீடில். முக்காலுக்கு மேல மெயின் ஜெட். ஆக்சிலேட்டர் கிரிப்புல ஒரு டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு கோடு போட்டுக்குங்க, எந்தக் கோட்டுல முக்குதுன்னு பாத்து அந்தப் பார்ட்ட மட்டும் தொடுங்க.

எப்பவும் பெரிய மெயின் ஜெட்ல ஆரம்பிச்சு சின்னதுக்கு இறங்குங்க, கீழ இருந்து மேல ஏறாதீங்க. பெட்ரோல் தூக்கலா இருந்தா இஞ்சின் திணறும், புகையும், பிளக் கருப்பாகும், ஆனா உடையாது. மெயின் சரியான பிறகு நீடில். நீடில் கிளிப்ப ஒரு காடி கீழ இறக்கினா நீடில் மேல ஏறும், பெட்ரோல் கூடும். கடைசியா ஐடிலிங் ஸ்க்ரூ. அது ஃபில்டர் பக்கம் இருந்தா காத்து ஸ்க்ரூ, வெளிய திருகினா லீன். இஞ்சின் பக்கம் இருந்தா பெட்ரோல் ஸ்க்ரூ, வெளிய திருகினா ரிச், அதாவது பெட்ரோல் தூக்கல். இதக் குழப்பிக்கிட்டு நேரெதிரா திருகுறவங்க ரொம்ப பேரு.

பிளக் பாக்கணும்னா புது பிளக் போட்டு, வண்டி நடமாட்டம் இல்லாத நேரான இடத்துல ஃபுல் ஆக்சிலேட்டர்ல போயி, அப்படியே சுவிட்ச ஆஃப் பண்ணி உருண்டு வந்து நின்னு கழட்டுங்க. மெதுவா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்து பாத்தா ஐடிலிங் கலர் தான் தெரியும். இப்ப வர்ற பெட்ரோல்ல நிறம் லேசா தான் புடிக்கும், அதனால வெள்ள பீங்கானோட அடிப்பகுதில லைட் அடிச்சுப் பாருங்க. இளம் பழுப்பு நல்லது. சுத்த வெள்ளையா, சின்னச் சின்ன உலோகப் புள்ளி தெரிஞ்சா உடனே ஜெட் பெருசு பண்ணுங்க.

ஜெட் மாத்தியும் அடங்கலன்னா, குறிப்பா ஆக்சிலேட்டர விட்ட பிறகும் ஆர்பிஎம் மெதுவா தான் இறங்குதுன்னா, எங்கயோ காத்து ஒழுகுது. இன்டேக் ரப்பர் வெடிச்சிருக்கா, பேக்கிங் சரியா உக்காந்திருக்கா, டூ ஸ்ட்ரோக்னா கிராங்க் ஆயில் சீல் எப்படி இருக்குன்னு பாருங்க. ஒழுகல வச்சுக்கிட்டு ஜெட் தேடினா ஒரு வருஷம் ஆனாலும் முடியாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஊர் உயரமும் கணக்கு. கடல் மட்டத்துல செட் பண்ணின வண்டி 1000 மீட்டர் உயரத்துல காத்து ஏறக்குறைய 10 சதவீதம் மெலிஞ்சதால ரிச்சா ஓடும். குளிர் காலத்துல நேரெதிர்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் சைலன்சருக்குள்ள இருக்கிற அடைப்பெல்லாம் வெட்டி எடுத்தா புகை ஃப்ரீயா போகும், பவர் கூடும் தானே?

கூடாது. டூ ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்ல, அது இஞ்சினோட ஒரு பார்ட். எக்ஸாஸ்ட் ஓட்டை தொறந்த உடனே ஒரு அழுத்த அலை குழாய்க்குள்ள ஓடும். குழாய் விரியுற இடத்துல அது உறிஞ்சுற அலையா திரும்பி வந்து சிலிண்டர்ல மிச்சம் இருக்கிற புகைய இழுக்கும், கூடவே கொஞ்சம் புது பெட்ரோல் காத்தையும் வெளிய இழுத்துடும். குழாய் மறுபடி சுருங்குற இடத்துல பட்டு எதிரொலி மாதிரி ஒரு அழுத்த அலை திரும்பி வரும், அது ஓட்டை மூடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி வந்து சேர்ந்தா வெளிய போன புது பெட்ரோல் காத்த திருப்பி சிலிண்டருக்குள்ளயே தள்ளிடும். அந்தச் சுருங்குற கோன வெட்டிட்டீங்கன்னா திருப்பித் தள்ள ஆளே இல்ல.

இத முழுசா புரிஞ்சு வேல பாத்தவர் கிழக்கு ஜெர்மனில எம்இசட் மோட்டார்சைக்கிள் கம்பெனில இருந்த வால்டர் காடன். 1961ல அவரோட 125 சிசி இஞ்சின் டர்போ எதுவும் இல்லாம லிட்டருக்கு 200 குதிரைசக்தி கணக்குக்கு வந்துச்சு. அதே வருஷம் அவரோட ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பிச்சு சுசூகிக்கு போனார், கூடவே அந்த அறிவும் போச்சு. 1962ல 50 சிசி உலகச் சாம்பியன்ஷிப் முதல் முறையா நடந்தப்ப சுசூகி வண்டில ஜெயிச்சதும் அவர் தான். நம்ம 50 சிசி ஸ்கூட்டருக்கு கடைல விக்கிற எக்ஸ்பான்ஷன் சைலன்சர் ஒவ்வொண்ணுலயும் காடனோட கணக்கு இருக்கு.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, அலை போய்ட்டு வர்ற நேரம் குழாய் நீளத்த பொறுத்தது, அதனால ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைல மட்டும் தான் அது வேல செய்யும். 9000ல வேல செய்யுற சைலன்சர மாட்டிட்டு 6500ல நிக்கிற ரோலர வச்சிருந்தா ஸ்டாக் சைலன்சர விட மோசமா ஓடும். சைலன்சர், ரோலர், ஜெட் மூணும் ஒரே செட்.

ஃபோர் ஸ்ட்ரோக் காரங்களுக்கு இந்த அளவு வித்தியாசம் கிடைக்காது, சின்ன இஞ்சின்ல சத்தமும் கொஞ்சம் எடை குறைவும் தான் மிஞ்சும். அக்கம்பக்கத்துல தூங்குறவங்கள நினைச்சு கம்பெனி சைலன்சரே வச்சுக்குங்கன்னு தான் நான் சொல்வேன்.

கேள்வி: டியூன் பண்ணின டூ ஸ்ட்ரோக்ல பாதுகாப்புக்கு ஆயில் டபுளா ஊத்தலாமா?

வேண்டாம். 50க்கு 1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1ன்னா 40 மில்லி. ஆயில் கூடினா அதே ஜெட் வழியா போற கலவைல பெட்ரோல் பங்கு கொறையும், கொஞ்சம் லீன் ஆகும், கரியும் சீக்கிரம் சேரும். நல்ல ஆயில், டப்பால போட்டிருக்கிற அளவு, அவ்வளவு தான். ஆயில் பம்ப் இருக்கிற வண்டில பம்ப கழட்டி மாட்டினா குழாய்ல இருக்கிற காத்த வெளியேத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

கேள்வி: ஃபோர் ஸ்ட்ரோக் 50 சிசி, ஜிஒய்6 டைப் இஞ்சின். 47 மிமீ கிட் வீட்லயே போட முடியுமா? என்ன கவனிக்கணும்?

முடியும், பொறுமை இருந்தா. கிட்னா பெரிய சிலிண்டரும் அதுக்கேத்த பிஸ்டனும் ரிங்கும் சேர்ந்த செட். முதல்ல கணக்கு பாருங்க. ஸ்டாக் போர் (சிலிண்டர் விட்டம்) 39 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 41.5 மிமீ, அது 49.6 சிசி. 47 போட்டா 72 சிசி. கிட்டத்தட்ட 45 சதவீதம் கூடுது, அதனால மேட்டுல இழுவை நல்லாவே மாறும். டாப் ஸ்பீடுல அவ்வளவு எதிர்பாக்காதீங்க, மேல சொன்ன காத்து கணக்கு தான்.

ஹெட்ட கழட்டுறதுக்கு முன்னாடி ஃப்ளைவீல்ல இருக்கிற குறிய கேஸ்ல இருக்கிற கோட்டுக்கு நேரா வச்சு, கேம் செயின் பல்லு எங்க நிக்குதுன்னு ஃபோட்டோ எடுத்துக்குங்க. சிலிண்டர தூக்கின உடனே கிராங்க் வாய சுத்தமான துணியால அடைங்க, பிஸ்டன் லாக் துள்ளி உள்ள விழுந்தா முழு இஞ்சினையும் பிரிக்கணும். பழைய லாக்க திரும்ப போடாதீங்க, அது ரொம்ப சின்ன செலவு. பிஸ்டன் தலைல இன்டேக் பக்கத்துக்கு ஒரு குறி இருக்கும், அது கார்புரேட்டர் பக்கம் வரணும்.

எல்லாரும் தாண்டிப் போற வேல ஒண்ணு இருக்கு, ரிங் இடைவெளி. புது ரிங்க சிலிண்டருக்குள்ள வச்சு பிஸ்டன் தலையால நேரா தள்ளி, ரெண்டு முனைக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் வச்சு அளந்து, கிட் கூட வந்த தாள்ல போட்டிருக்கிற அளவோட பாருங்க. இடைவெளி கம்மியா இருந்தா சூடுல ரிங் நீண்டு முனை ரெண்டும் முட்டிக்கும், ரிங் உடைஞ்சு சிலிண்டர கீறிடும். கிட்ல வர்ற ரிங்க அப்படியே போடலாம்னு யார் சொன்னாலும் அளக்காம போடாதீங்க.

ஹெட் நட்ட குறுக்கு குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா, டார்க் ரெஞ்ச் வச்சு. வால்வு இடைவெளிய இஞ்சின் முழுசா ஆறின பிறகு பாருங்க. மெயின் ஜெட் கண்டிப்பா பெருசு பண்ணணும். ஓட்டிப் பழக்குற நாள்ல ஒரே வேகத்துல புடிச்சுட்டுப் போகாம ஆக்சிலேட்டர ஏத்தி இறக்கி ஓட்டுங்க, மேட்டுல ஃபுல்லா திருகாதீங்க, ஆயில சீக்கிரமே ஒரு தடவ மாத்திடுங்க, அதுல மினுமினுன்னு தூள் தெரியும்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். 50 சிசின்னு பதிவான வண்டி 72 ஆனா பல நாட்டுச் சட்டத்துல அது வேற வகை வண்டி, லைசென்ஸ் வேற, இன்சூரன்ஸ் வேற. ஒரு விபத்து நடந்து, இடிபட்டவங்க குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் காசு வராம போச்சுன்னா அது உங்க தலைல மட்டும் விழுறது இல்ல. கிட் வாங்குறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க.

கேள்வி: லிமிட் இல்லாத ரேஸ் சிடிஐ போட்டா எவ்வளவு வேகம் கூடும்?

ஸ்டாக் இஞ்சின் லிமிட்ட தொடவே இல்லன்னா ஒண்ணுமே கூடாது. வேரியேட்டர் சரியா இருந்தா ஆர்பிஎம் உச்ச சக்தில நிக்கும், அதுக்கு மேல போக வேண்டிய தேவையே இல்ல. ஃபோர் ஸ்ட்ரோக்ல அந்த லிமிட் வால்வு ஸ்பிரிங்கையும் கிராங்க்கையும் காப்பாத்துது. கடைசியா வாங்குங்க, இல்லன்னா வாங்கவே வாங்காதீங்க.

கேள்வி: எங்க வீட்டு ஸ்கூட்டர் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். பவர் கூடும்னு ஒரு சின்ன சிப் விக்கிறாங்க, சென்சர் ஒயர்ல சொருகினா போதுமாம். வாங்கலாமா சார்?

வாங்காதீங்க. அந்த மாதிரி மலிவா வர்ற சிப் பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டர் தான், காத்து குளிரா இருக்குன்னு ஈசியூவ, அதாவது வண்டியோட கம்ப்யூட்டர, ஏமாத்தி பெட்ரோல கூட ஊத்த வைக்கும். நீங்க சாதாரணமா ஓட்டும்போது எக்ஸாஸ்ட்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சர் அதக் கண்டுபிடிச்சு திரும்ப 14.7 பக்கத்துக்கே இழுத்துடும், மத்த நேரத்துல மைலேஜ் மட்டும் போகும். இன்ஜெக்‌ஷன் வண்டில வீட்ல பண்ணக் கூடியது ஃபில்டர், பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங், வால்வு இடைவெளி, அப்புறம் முழு வேரியேட்டர் பக்கம். மேப்ப (அந்த கம்ப்யூட்டர்ல இருக்கிற பெட்ரோல் கணக்கு) மாத்தணும்னா அகலப் பட்டை ஆக்சிஜன் சென்சர் வச்சு, சக்தி அளக்குற டைனோ மெஷின்ல அளந்து பண்றவங்க கிட்ட போங்க.

கேள்வி: என் மகனுக்கு பதினேழு வயசு. வண்டி நிறுத்துற இடத்துல ராத்திரி பகலா ஸ்கூட்டர பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கான். பயமா இருக்கு, நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தச் சொல்லாதீங்க அம்மா. ஒரு பையன் தானே உக்காந்து ஒரு இஞ்சின பிரிச்சு மாட்டக் கத்துக்கிறது பெரிய விஷயம். பயப்பட வேண்டிய இடங்கள மட்டும் சொல்றேன், அத அவன்கிட்ட கறாரா கேளுங்க.

மூடின இடத்துல இஞ்சின ஓட விடக் கூடாது, ஒரு நிமிஷம் கூட. எக்ஸாஸ்ட்ல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தலை சுத்துறதுக்குள்ள எந்திரிக்க முடியாம போயிடும். கதவு தொறந்திருந்தா போதாது, வண்டிய வெளிய தள்ளிட்டு தான் ஸ்டார்ட் பண்ணணும். பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தரையோட தரையா ஊர்ந்து போகும், அதனால கார்புரேட்டர் கழட்டுற இடத்துக்கு பக்கத்துல அடுப்பு, கீசர் பர்னர், தரைல கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இருக்கக் கூடாது. பெட்ரோல் தொடச்ச துணிய உருட்டி மூலைல போட விடாதீங்க.

பெல்ட் கவரத் தொறந்து வச்சுக்கிட்டு இஞ்சின ஓட்டிப் பாக்கிறதும் வேண்டாம்னு சொல்லுங்க. விரல், தொங்குற சட்டை, கையுறை எது மாட்டினாலும் இழுத்துடும். பின்பக்க கிளட்ச் நட்ட கழட்டும்போது உள்ள ஸ்பிரிங் அமுங்கி இருக்கும், மேல இருந்து உடம்பு எடையால அழுத்திக்கிட்டு தான் கழட்டணும், கண்ணாடி போட்டுக்கணும், முகத்த நேரா வைக்கக் கூடாது. பழைய வண்டி கிளட்ச் பிரேக் தூசிய காத்தடிச்சு ஊதக் கூடாது, அந்தக் காலத்து ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கு, ஈரத்துணியால தொடைக்கணும்.

அவன்கிட்ட ஒரு நோட்டு இருக்கான்னு கேளுங்க. என்ன ஜெட், என்ன ரோலர், என்ன மாறுச்சுன்னு எழுதி வைக்கிற பையன்னா, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துற பையன்னா, அவன் ஒழுங்கா தான் பண்றான். லைசென்ஸ் வராம ரோட்டுக்கு மட்டும் எடுக்க விடாதீங்க.

கேள்வி: அண்ணா, எல்லாம் முடிச்சு இப்ப ஸ்பீடோமீட்டர்ல 65 காட்டுது. இனி அடுத்து என்ன பண்ணலாம்?

முதல்ல ஃபோன் ஜிபிஎஸ்ல அளந்து பாருங்க, ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித் தான் காட்டும். நிஜமா 60ன்னே வச்சுக்குவோம். 45ல இருந்து 60க்கு போனா வண்டியோட இயக்க ஆற்றல் 1.78 மடங்கு, அதே பிரேக்னா நிக்கிற தூரமும் அதே அளவுக்கு கூடும். உங்க வண்டில இருக்கிற டிரம்மும் ஷூவும் 45க்குன்னு செஞ்சது. அதனால அடுத்த செலவு பூரா அங்க தான் போகணும்னு நான் உறுதியா சொல்வேன். ஷூ தேய்மானத்த காட்டுற அம்புக்குறிய பாருங்க, கேபிள் நைஞ்சிருந்தா மாத்துங்க, பிரேக் கேம கழட்டி சுத்தம் பண்ணி லேசா கிரீஸ் வைங்க. டிஸ்க் இருந்தா பிரேக் ஆயில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், டாட் 4ன்னு மூடில போட்டிருந்தா டாட் 5 ஊத்திடாதீங்க, அது சிலிக்கான், ஒத்துக்காது. முன் ஷாக் ஆயில் ஒழுகுதான்னு பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விட்டிருந்தா ரெண்டு டயரையும் மாத்திட்டு அப்புறம் எழுதுங்க, மிச்ச வேகத்த பேசுவோம்.